வேலம்மா வாயில மண்டோர் பல்லு

யாரு பல்லுன்னு எனக்குத் தெரியாதாடா பாலா? நல்லாக் கேட்ட போ. அத்தைக்குக் கண்ணு மங்கிருச்சா? இன்னும் ஊசியில நூல் கோக்குறேன், என் பேத்தி கங்காவ வேணா கேளு. அந்த மேல் வரிசைத் தங்கப்பல்லு நம்ம தோட்டத்துல வேல வாங்குன உடையப்பன் மண்டோரோடது. முப்பது வருசம் அதுக்கு எதுக்க நின்னு ஏச்சு வாங்குனவ நான். காலையில பேரு கூப்புடுற பெரட்டுல வாயத் தொறந்தா மொதல்ல தங்கம் மின்னும், பொறவுதான் கெட்ட வார்த்தை வரும். தஞ்சோங் காராங் டவுனுல ஒரு சீனன் கட்டிக் குடுத்த பல்லுசெட்டு. அதக் காட்டணும்னே மனுசன் ஒரு வாரம் சிரிச்சிக்கிட்டே திரிஞ்சாரு. அந்த ஒரு வாரந்தான் நாங்க நிம்மதியா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தோம்.

இரு, அவசரப்படாத. உன் காரு எங்கயும் ஓடிறாது.

அவரும் உங்கம்மா இருந்த அதே முதியோர் இல்லத்துலதான கெடந்தாரு, ஆம்பளைங்க பக்கம். போயி மூனு மாசமாச்சி. வாய்க்கரிசி போடயில அவரு மக கேட்டா, அப்பா பல்லு எங்கன்னு. தங்கத்துக்கு அலையுறா பாருன்னு எல்லாரும் பேசுனாங்க. நானும் பேசுனேன், பொய் சொல்ல மாட்டேன். இப்ப அது உங்கம்மா வேலம்மா வாயில இருக்கு. செத்தவன் பல்லுடா! த்தூ.

எப்படின்னா கேக்குற? நேத்து உங்கம்மாவக் கூட்டியாரப் போனப்ப என் கண்ணால பாத்தேன்லா. ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினு. கெழடுங்க பல்லு பூராவும் கழட்டி அதுல போட்டு, மருந்துத் தண்ணி ஊத்தி ஒரே கலக்கு. அங்க நவமணின்னு ஒருத்தி பாத்துக்குறாள்ல, அவ ஒவ்வொண்ணாத் தூக்கி, இது சின்ன வாயி, இது பெரிய வாயின்னு குடுக்குறா. ஏம்மா இப்படின்னா, நாப்பது பேருக்கு நாங்க ரெண்டே ஆளு, பேரு எழுதியா வைக்க முடியும்ங்குறா. ஏன் முடியாது? பால் வாளிக்கே நம்பர் அடிச்சி வச்சிருந்தான் வெள்ளக்காரன்! மனுசி வாயிக்கு ஒரு நம்பர் கெடையாதா?

சொல்லாம என்ன, இது என் பல்லு இல்லன்னு உங்கம்மா சொல்லியிருக்கா. இருக்குறத மாட்டிக்க பாட்டின்னுட்டாளாம். உங்கம்மா பல்லு இப்ப எவ வாயில கெடக்கோ.

சாப்பிட மாட்டேங்குறாங்க, புத்தி பெரண்டுருச்சின்னு உனக்குப் போன் போட்டாங்கள்ல? புத்தியெல்லாம் சுத்தமா இருக்கு. எழுவத்தெட்டுல ரப்பர அழிச்சி எண்ணெய்க்குச் செம்பனை போட்டானுங்களே, அப்ப யாரு யாரு லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுப் போனான்னு வீடு வீடா சொல்றா. ஈறுதான் பூரா புண்ணு. விரல் வுட்டுப் பாத்தேன், சீழு. அத வச்சிக்கிட்டு சோத்த எப்படி மெல்லுவா? ரெண்டு மாசமா தேத்தண்ணியிலயே ஓட்டியிருக்கா. தூக்குனா எலும்பு என் கையில குத்துது.

கோயில் திருவிழா, ஒரு நாளுன்னு சொல்லித்தான் சன்னாசி டெக்சியில கொண்டாந்தேன். சாயங்காலத்துக்குள்ள நீ கொண்டு போயி விடலேன்னா கட்டில வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாமா? குடுக்கட்டும். உன்னக் குத்தம் சொல்லலடா. ரவாங்ல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சிப்டு வேல, தெரியும். நல்ல எடமாத்தான் தெரியுதுன்னு அன்னிக்கி நானுந்தான தலையாட்டுனேன்.

என்னது? மாசாமாசம் போயிப் பாத்தியா? நல்லாச் சிரிச்சிக்கிட்டுதான் இருந்தாங்களா?

சிரிச்சாளாம்ல.

டேய், நேத்தே அந்தக் கருமத்தக் கழட்டிப்புட்டு, உப்புத் தண்ணியில வாயக் கொப்புளிக்க வச்சேன். இப்ப உன் காரு வந்து நின்ன சத்தம் கேட்டுச்சில்ல, கட்டில்ல எந்திரிச்சி ஒக்காந்துக்கிட்டு, அண்ணி, அந்தப் பல்லக் குடுங்க, புள்ள வந்துட்டான், சிரிக்கலேன்னா அவன் பயந்துருவான்னு கைய நீட்டுறா. நாங் குடுக்கல.

உள்ள போயி அவ பக்கத்துல ஒக்காரு. அடி கங்கா, அந்தக் கஞ்சிய நல்லா ஆத்தி உள்ள கொண்டாடி. கரண்டிய மாமன் கையில குடு.