மணி கேட்காத ஆம்ப்ளிஃபையர்

— மணி எங்கேப்பா?

— எந்த மணி சார்?

— எந்த மணியாம்! இந்தப் பாட்டுல வயலின் நின்னதும் குட்டியா ஒரு மணி ஏழு தடவை அடிக்கும். இருபது வருஷமா கேக்குறேன். நீ கொண்டு வந்து மாட்டின இந்தப் புது ஆம்ப்ளிஃபையர்ல ஒண்ணு கூட இல்ல. முழுங்கிடுச்சா?

— இப்பதான் அடிச்சுது சார். சத்தியமா. நான் எண்ணினேன், ஏழு.

— நீ எண்ணுவே. கடைக்காரர் அனுப்பின ஆளு, எழுபதுன்னு கூட எண்ணுவே.

— ஐயோ சார், வீடு வீடா மாட்டிக் குடுக்கறவன் நான். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது?

— ரெக்கார்டு மேல இருக்கற முள்ளைத் தூக்கி மறுபடி முதல்லேருந்து வை. ஏய், ஏய், நாற்காலியை நகர்த்தாதே! அது சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்ச இடம். ரெண்டு ஸ்பீக்கருக்கும் எனக்கும் ஒரே தூரம், டேப் வெச்சு அளந்திருக்கேன்.

— தொடலை சார். முள்ளு வெச்சாச்சு. இதோ வயலின்... இதோ நின்னுது... சார், இப்போ! ஒண்ணு, ரெண்டு, மூணு...

— வாயால மணி அடிக்காதேப்பா! நீ எண்ணுறதுதான் கேக்குது!

— சரி சார், வாயை மூடிக்கறேன்.

— ஏம்மா! கையைத் துடைச்சுட்டு இங்க கொஞ்சம் வா.

— என்னங்க, ஊரையே கூட்டுறீங்க? அந்த மனுஷர் காலைலேருந்து குனிஞ்சே நிக்கிறார். ஒரு டம்ளர் தண்ணி குடிக்க விட்டீங்களா?

— தண்ணி அப்புறம். நீ என் நாற்காலியில உக்காரு. பாட்டு ஓடும். மணி கேக்குதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லணும்.

— உங்க நாற்காலியிலயா? கல்யாணமாகி இன்னிக்குத்தான் உக்காரச் சொல்றீங்க.

— பேசாம கேளு... ஆச்சு. முடிஞ்சுது. கேட்டுச்சா?

— கேக்கலைங்க.

— பாத்தியா! பாத்தியா! என்ன சொல்றே இப்போ?

— அம்மா! நீங்களா இப்படி? மணி அடிக்கும்போது ஏழு தடவையும் உங்க தலை ஆடிச்சேம்மா. நான் பாத்தேனே!

— அது... கழுத்து வலிப்பா.

— என் வீட்டுக்காரி கழுத்தைப் பத்தி உனக்கென்ன பேச்சு? விஷயம் இதுதான். கடையில கண்ணாடிக்குள்ள காட்டினது ஒண்ணு, நீ தூக்கிட்டு வந்தது வேற ஒண்ணு. எவனோ வாங்கி ஓட்டிட்டுத் திருப்பிக் குடுத்த பழசு.

— கம்பெனி சீல் ஒட்டின பெட்டியை உங்க கண்ணு முன்னாலதானே சார் பிரிச்சேன்?

— பிரிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒட்டத் தெரியாதா? முப்பத்தொரு வருஷம் நூல் மில்லுல மெஷின் பாத்தவன்யா நான். நாப்பது மெஷின் ஒண்ணா ஓடும், பக்கத்துல நிக்கிறவன் கத்தினாலும் காதுல விழாது. அந்தக் கூச்சல்ல எந்த பேரிங் தேயுதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். மேனேஜரே கார்ல ஆளனுப்பிக் கூப்பிடுவாரு. அந்தக் காதுகிட்டயே உன் வேலையைக் காட்டுறியா?

— உங்க காதை நான் ஒரு வார்த்தை குறை சொல்லலை சார்.

— சொல்ல முடியாது. ஏம்மா, லெட்டர் எழுதற அட்டையை எடு.

— லெட்டர் எதுக்குங்க? ஒரு வாரம் போட்டுப் பாக்கத்தானே குடுத்திருக்காங்க. பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போகட்டும்.

— பிடிக்கலைன்னா திருப்பலாம். ஏமாத்தினா எழுதணும். சும்மா விட்டா இதே பெட்டியை அடுத்தவன் தலையில கட்டுவானுங்க. 'உயர்திரு உரிமையாளர் அவர்களுக்கு. பொருள்: தங்கள் பணியாளர் செய்த மோசடி.'

— சார், மோசடின்னு போடாதீங்க சார். போன மாசம்தான் ஸ்பீக்கர்ல கீறல் விழுந்துடுச்சுன்னு ஒருத்தர் எழுதிட்டாரு. அடுத்து ஒரு லெட்டர் வந்தா வண்டிச் சாவியை வெச்சுட்டுக் கிளம்புன்னு முதலாளி சொல்லியிருக்காரு. அம்பது வயசுல எனக்கு எவன் சார் வேலை குடுப்பான்?

— ஓ, இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கா? நல்லதாப் போச்சு.

— என்னங்க, போதும். பாவம் அவர்.

— நீ இரு. 'ஒன்று: பயன்படுத்திய கருவியைப் புதியதென்று கொடுத்தது. இரண்டு: கேட்காத ஒலியைக் கேட்டதாகச் சாதித்து வாடிக்கையாளரைக் குழப்பியது. மூன்று: மேற்படி விவரத்துக்கு என் மனைவியே சாட்சி.' நீயும் ஒரு கையெழுத்து போடணும்.

— நானா?

— நீதானே கேக்கலைன்னே?

— சார், பதினாலு வருஷமா இந்த வேலை பாக்குறேன். ஒரு வீட்டுல ஒரு ஸ்க்ரூ மாத்தி வெச்சது கிடையாது. வாய்க்கு வந்ததை எழுதி என் சோத்துல மண்ணைப் போடறீங்க, அம்மாவும் பாத்துக்கிட்டே நிக்கறாங்க. கையெழுத்துக்கு முன்னாடி உங்க பழைய ஆம்ப்ளிஃபையரை மாட்டிக் காட்டறேன். அதே ஸ்பீக்கர், அதே ரெக்கார்டு. வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னு எனக்கும் தெரியணும்.

— அது எதுக்குங்க இப்போ? தூசி படிஞ்சு கிடக்கு.

— மாட்டட்டும்! அப்பதான் இவனுக்கு உறைக்கும். மாட்டுய்யா.

— வயர் நாலும் மாத்தியாச்சு. முள்ளு வெக்கறேன்.

— கேளு... வயலின் நிக்கப் போகுது... இந்தா! ஒண்ணு! ரெண்டு! மூணு! என்ன சுத்தம்! இதுக்குப் பேருதான் ஆம்ப்ளிஃபையர்! உன்னுது பாட்டு மேல கம்பளியைப் போத்தின மாதிரி இருந்துச்சு!

— அப்பாடி, காதைக் குத்துது சார். தகரத்துல ஆணியால கிழிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் இருங்க. இந்தத் திருகுற நாப்தானே ட்ரெபிள், கீச்சுச் சத்தத்தைக் கூட்டறது? எங்க நிக்குதுன்னு காட்டுற கோட்டையே காணோம். விரலை வெச்சுப் பாத்தா... சார், இது கடைசி வரைக்கும் போய் முட்டி நிக்குது! புதுசுல இந்த நாப்பே கிடையாது, ரெக்கார்டுல இருக்கறதை இருக்கற மாதிரியே பாடும். அதான் சார் வித்தியாசம், வேற ஒண்ணுமில்ல!

— எடு கையை! வாங்கின அன்னிக்கு அதை நடுவுல வெச்சேன். இன்னி வரைக்கும் தொட்டதில்ல. அதைத் திருகிக்கிட்டே இருக்கறவன் பாட்டு கேக்கறவன் இல்ல, குழம்புக்கு உப்பு பாக்கறவன். இப்ப மாட்டற சாக்குல நீ திருப்பிட்டே!

— வயரெல்லாம் பின்பக்கம் சார்! நான் முன்பக்கம் வந்ததே இப்பதான்!

— 'நான்கு: என் சொந்தக் கருவியையும் எனக்குத் தெரியாமல் திருகிவிட்டு, பழியை என் மேலேயே போட்டது.' நாலு போதும். ஏம்மா, இந்தா பேனா. என் பேருக்குக் கீழ போடு.

— அம்மா, ஒரு தடவை என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. நான் அதைத் திருப்பினதை நீங்க பாத்தீங்களா?

— என்னம்மா யோசனை? பேனா எழுதலையா?

— அவர் தொடலைங்க, நான்தான்... மணி எனக்கு எப்பவும் போலத்தான் கேட்டுது; முன்ன மாதிரி இல்லையேன்னு நீங்க முகத்தைச் சுருக்கின மறுநாளெல்லாம், தூசி தட்டற சாக்குல ஒரு நெல்லளவு திருப்பி வெப்பேன். உங்க கண்ணுல படக் கூடாதுன்னு அந்தக் கோட்டையும் நானே தேச்சு அழிச்சேன். ஆறு வருஷமாச்சு, போன மாசம் அது முட்டி நின்னுடுச்சு, இனிமே திருப்ப இடமில்லன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் புதுசு வாங்கலாமான்னு உங்களைக் கேட்டேன்.