சாவின் நினைவை அளந்த சாதனை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் ஓங்கிய பெரியோர்களே! கேட்ட கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் தந்த தாய்மார்களே! வணக்கம்.

என்ன, பின்வரிசையில் சிரிப்பு? சுளித்தீர்களா? சுளித்தீர்கள் அம்மா, சுளித்தீர்கள்! அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தன் முடிவை எண்ணிப் பார்க்கும் மனிதர் எப்படி வாழ்கிறார்? அதை அளக்க ஓர் உளவியல் வினாத்தொகுப்பைப் பல நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். எல்லா மொழியிலும் அது ஒன்றையே அளக்கிறதா என்று பார்க்கும் பணியில், தமிழ் எங்கள் பங்கு. அகராதி பிசகாமல் மொழிபெயர்த்தோம்: "சாவைப் பற்றி அடிக்கடி சிந்திக்கிறீர்களா?"

ஒரு தையல்காரர் வீட்டில் கேட்டோம். "ஆமாங்க, யோசிப்பேன்" என்றார் மனிதர். அவ்வளவுதான்! அடுக்களையிலிருந்து ஓடிவந்தார் அவர் மனைவி. "என்னங்க குறை வச்சேன்? வாயில நல்ல வார்த்தையே வராதா? எந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்!"

வீட்டுக்கு வீடு இதே கதை. பிற மொழியில் தெளிந்த மனத்தைக் காட்டிய அதே மதிப்பெண், தமிழில் சோர்ந்த மனத்தைக் காட்டியது. "தமிழை விட்டுவிடுவோம், உங்கள் மக்கள் இதையெல்லாம் தெளிந்து சிந்திப்பதில்லை" என்றார், கணினித் திரையில் தெரிந்த ஆய்வுத் தலைவர்.

சிந்திப்பதில்லையா? நாமா?

எங்கள் குழுவில் ஓர் ஆய்வாளர். கணவரை நோய்க்குப் பறிகொடுத்த சகோதரி. எழுந்து நின்றார். "சார், டாக்டர் கைவிரிச்சதும் எங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சார் தெரியுமா? எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்குடுத்தார். 'நான் இல்லன்னாலும் நீ எங்கயும் நிக்கக் கூடாது'ன்னார். இது சிந்தனை இல்லையா? குறை ஜனங்ககிட்ட இல்ல சார், நம்ம கேள்வியில இருக்கு!"

திரையிலிருந்து வந்தது பதில்: "இன்னொரு முறை முயலுங்கள்."

முயன்றோம்! சொல்லை மாற்றினோம், தொனியை மாற்றினோம். "நாம் இல்லாத காலத்தை எண்ணி, இன்றே எதையாவது செய்கிறீர்களா?" என்று கேட்டோம். அதே தையல்காரர் மனைவி சொன்னார்: "செய்யாம? இந்த மனுஷனுக்குச் சமையல் சொல்லிக்குடுக்கறேன். உப்புதான் இன்னும் கைக்கு வரல!"

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அவருக்கு அது தகும்.

பூட்டியிருந்த கதவெல்லாம் திறந்தது. பூட்டியிருந்த மனமெல்லாம் பேசியது. மொழிக்கு மொழி முடிவுகள் பொருந்தின! விட்டுவிடச் சொன்ன ஆய்வுத் தலைவரே இன்று சொல்கிறார்: "மற்ற மொழிகளின் கேள்விகளையும் உங்கள் வழியில் திருத்துகிறோம்."

வென்றது யார்? நாங்களா? இல்லை! சாவை நினைத்தும் சோராத நீங்கள்! பிரிவை எண்ணிப் பிரியத்தைப் பெருக்கிய நீங்கள்! முடிவை அறிந்தும் முன்னே நடக்கும் நீங்கள்!

அன்று எழுந்து நின்ற சகோதரியே, இன்று உட்காருங்கள். எழுந்து நிற்க வேண்டியது இந்த அவை!

நின்றபடியே நன்றி சொல்கிறேன், நிறைவோடு விடைபெறுகிறேன். வணக்கம்!