சாய்மானம் இல்லாம

இல்ல மேடம், பயந்துக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. நெசமாத்தான் சொல்லுதேன். எனக்கு உங்க காலேசுல சீட்டு இல்லைன்னு வெளிய போயி ஒரு வார்த்தை சொல்லிருங்க. வராண்டாவுல பச்சைப் பட்டுச் சேலையில ஒரு அம்மா உக்காந்திருக்காவள்ல, அவியதான் எங்க அத்தை. பக்கத்துல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கது எங்க அப்பா. அவிய ரெண்டு பேரு காதுலயும் விழுந்தாப் போதும்.

மார்க்கெல்லாம் இருக்கு. மார்க்கு இருந்தாச் சேத்தே ஆகணுமா என்ன? எனக்கு முன்னாடி ஒரு கண்ணாடி போட்ட பிள்ளை உள்ள வந்துச்சே, அதுக்குக் குடுங்க. ஏழைகளுக்கு சேவை செய்யணும், சின்ன வயசுக் கனவுன்னு சொல்லிருக்குமே? கதவுக்கு வெளிய நின்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்துச்சு. எனக்குக் கனவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பிசியோதெரபின்னா என்னன்னே தெரியாது. முட்டி வலிக்குக் கரண்டு வைப்பாவளே, அதுதான்னு நெனச்சேன். எங்க வம்சத்துலயே யாரும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதில்லை. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், அம்புட்டுத்தான்.

பொறுமையும் கெடையாது எனக்கு. வெயிலுகந்தம்மாள்னு பேரு வச்சதுக்கு ஏத்தாப்ல எப்பமும் கொதிச்சுக்கிட்டே இருப்பேன்னு எங்க பள்ளிக்கூடத்து டீச்சரே சொல்லுவாவ. கோவம் வந்தா நோயாளின்னும் பாக்க மாட்டேன், ஏலே சோம்பேறின்னு வஞ்சிருவேன். சிரிக்காதீங்க மேடம். வஞ்சிருக்கேன்.

காலையிலயா? ஆமா, பண்ணேன். இங்க படிக்க ஒரு அண்ணனைக் கட்டில்ல படுக்க வச்சு, இவருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லைன்னு நெனச்சுக்கோங்க, எப்பிடிப் புரட்டுவீங்கன்னு கேட்டீங்க. மத்த பிள்ளைக எல்லாம் கையைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் தோளையும் இடுப்பையும் ஒண்ணாப் பிடிச்சுத் திருப்பிட்டேன். நானும் தப்பா இழுத்துத்தான் வைக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். கை கேக்கலை, பழகிப்போச்சு. உடனே நீங்க பக்கத்துல நின்ன சாரைப் பாத்துத் தலையாட்டினீங்க. அப்பமே தெரிஞ்சுபோச்சு, மாட்டிக்கிட்டோம்னு.

எங்கனயும் போயிப் படிக்கலை. அத்தை மகனைப் புரட்டிப் பழகுனதுதான். காளீஸ்வரன். போன வருசம் மாசியில மக்காச்சோள மூடைய லாரியில அடுக்கும்போது மேல இருந்து விழுந்துட்டான். விழுந்த எடத்துல அப்பிடியே கிடந்திருந்தா எப்பிடி இருந்திருக்குமோ. எங்க ஊருல விழுந்தவனை யாரு கிடக்க விடுதா? தண்ணியைத் தெளிச்சு, தூக்கி நிறுத்தி, நடலே நடலேன்னு உலுப்பி எடுத்துட்டாவ. ஆம்புலன்சு வாரதுக்குள்ள நாம போயிரலாம்னு எங்க அப்பாதான் பைக்கை எடுத்தாவ. அவனை நடுவுல உக்கார வச்சு, பின்னாடி ஒரு ஆளு கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கழுகுமலை ரோட்டுல அத்தனை பள்ளத்துலயும் ஏத்தி எறக்கி, கோவில்பட்டி வரைக்கும். வெரசாக் கொண்டுவந்து சேத்துட்டேன்னு எங்க அப்பாவுக்கு அன்னைக்குப் பெருமை வேற. முதுகெலும்பு ஒடைஞ்சவனை யாருய்யா பைக்குல உக்கார வச்சதுன்னு டாக்டரு கேட்டாரு. அன்னைக்குத் தொங்குன தலைதான் மேடம் அது. கூடப் பெறந்த அக்கா முகத்தை நிமிந்து பாத்து இன்னைக்கு வரைக்கும் பேசினதில்லை.

பிசியோதெரபி செய்ய ஒரு அண்ணன் அத்தை வீட்டுக்கு வந்தாரு. கொஞ்ச நாளுதான். மழை பேஞ்சு கரிசல்ல அவரு வண்டி பொதைஞ்சுபோச்சு, சக்கரம் சுத்த மாட்டேங்குது, வண்டியைத் தோள்ல சுமக்காத கொறையாத் தள்ளிக்கிட்டுப் போனாரு. பொறவு ஆளைக் காணும். அதுக்குள்ள பக்கத்துல நின்னு நான் பாத்துவச்சிருந்தேன். படுக்கைப்புண்ணு வராமத் திருப்பிப் போடணும், காலை மடக்கி நீட்டணும், உக்காரப் பழக்கணும். பள்ளிக்கூடம் விட்டாப் போதும், எங்க அப்பா என்னைய அங்கன கொண்டு விட்டுருவாவ.

அவனை உக்கார வைக்கதைவிட வாரவியளைத் தொரத்துனதுதான் பெரிய வேலை. ஆர்லிக்ஸ் பாட்டிலோட வருவாவ, ஐயோ என் ராசா, எதுக்குய்யா கஷ்டப்படுத, படுத்துக்கோன்னு சாச்சுப் போட்டுட்டுப் போவாவ. நான் தெனமும் அவனை நிமித்தி வைக்கணும், சொந்தக்காரவிய வந்து சாச்சுப் போடணும். பாசமாம். வாசக்கதவைப் பூட்டிட்டேன். அதுக்கு அவன், வந்துட்டாடா போலீசுக்காரின்னு நக்கலு. விட்டுருட்டி, நாளைக்குச் செய்யுதேங்கான். ஏலே சோம்பேறி, எந்திலேன்னேன். அப்பம்தான் வஞ்சது.

இந்தப் படிப்புப் பிடிக்கலைன்னு யாரு சொன்னா? பிடிச்சுத் தொலைக்குதே, அதான எரிச்சலு. தொடையில சின்னதா ஒரு சதை தானா இழுத்தா, அது ஏன் இழுத்துச்சுன்னு நாள் பூரா மண்டையைக் கொடையும். ஊருல யாருக்கும் பதிலு தெரியாது. இங்கன உங்க சுவத்துல எலும்பு, நரம்பு எல்லாம் வரைஞ்சு தொங்க விட்டிருக்கீங்க. உள்ள வந்ததுல இருந்து உங்க முகத்தைவிட அதைத்தான் அதிகமாப் பாத்துக்கிட்டிருக்கேன்.

பீசா? அத்தை கட்டுதாவ. முழுசும், ஆஸ்டலு சேத்து. ஆமா, ரொம்ப நல்ல மனசு. சும்மா கட்டுவாவளா மேடம்?

அதான். படிச்சு முடிச்ச மறு தையில கல்யாணம். மாப்பிள்ளை வேற யாரு, அவன்தான். முறை இருக்குல்ல.

அப்பாகிட்ட எப்பிடிச் சொல்ல? அவிய அக்காகிட்ட தப்புக்குப் பதிலா என்னையத் தூக்கிக் குடுத்துட்டாவ. நான் வாயைத் தொறந்தா, பைக்கை ஓட்டுனது நான்தானம்மான்னு அழ ஆரம்பிச்சிருதாவ. அம்மா, பெரியவிய பேசி முடிச்சதுன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிடுதாவ. அத்தைதான் உள்ளதைச் சொன்னாவ. இவளுக்கு சீட்டு கெடைக்கலைன்னா வெளாத்திகுளத்துல நர்சு படிச்ச பிள்ளை ஒண்ணு இருக்கு, என் மகனுக்கு அதைப் பேசுவோம்னாவ. அந்தப் பிள்ளை பாவந்தான். ஆனா அது நான் இல்லைல்ல.

சேந்துட்டுப் பொறவு மாட்டேன்னு சொல்லுன்னு லேசாச் சொல்லுதீங்க. அத்தை துட்டுல அத்தனை வருசமும் சோறு தின்னுட்டா? அதுக்கு எனக்குத் தெம்பு கெடையாது. இருக்க மாதிரி பேசுதேன், அவ்வளவுதான்.

அவனா? அவன்கிட்டயும் கேட்டேன். எனக்கும் இதுல இஷ்டமில்லைட்டின்னான். சந்தோசமா இருந்துச்சு. பொறவு, ஆனா நீ போயிட்டா என்னைய யாரு உக்கார வைப்பான்னான். அதுக்கு என்ன சொல்லுவீங்க நீங்க?

கல்யாணம் எப்பம் முடிவாச்சா? சித்திரையில. கட்டில் ஓரத்துல அவனை உக்கார வச்சு, ரெண்டு கையையும் தொடை மேல வைக்கச் சொல்லிட்டு, நான் பிடியை விட்டேன். எப்பமும் பொத்துன்னு சாஞ்சிருவான். அன்னைக்குச் சாயலை. லேசா ஆடுதான், ஆனா உக்காந்திருக்கான். ஏட்டி, பிடிச்சிருக்கியாங்கான். பிடிக்கலைலேங்கேன். அடுப்படியில இருந்து எட்டிப் பாத்த அத்தை வாயைப் பொத்திக்கிட்டு அழுதாவ. அழுதுக்கிட்டே சாமி படத்துல கிடந்த பிச்சிப்பூவை உருவிக்கிட்டு வந்து, இனி இவதான் என் வீட்டுக்கு மருமகள்னு என் தலையில வச்சுட்டாவ. எங்க அப்பா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாவ.

நான் அத்தை கையைத் தட்டி விட்டிருக்கலாம் மேடம். பூ வைக்கது தலைக்குத் தெரியத்தான் செஞ்சுச்சு. நான் அவன் முதுகைப் பாத்துக்கிட்டு நின்னேன், எந்தப் பக்கமாவது சாயுதானான்னு.