ஊன்றாதீங்க ஐயா

முதலில் இந்தப் பிளேன்டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. தூளைக் கொஞ்சம் அதிகமாகக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பிட்டராக இருந்தவன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதிக்கொள்கிறேன் என்றார். நான்தான் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கடதாசி கேட்டு வாங்கினேன். இது என் வேலையைப் பற்றிய விஷயம், ஒரு சொல் மாறினாலும் தப்பாகிவிடும்.

என் பெயர் கஸ்பர். தொழிலாளர் லயத்தில் பிறந்து, பிட்டராகி, ஸ்டாஃப் குவாட்டஸுக்குக் குடிவந்தவன். பத்தொன்பது வருஷம் நானும் என் மனைவி டோரீனும் அந்த வீட்டில் இருந்தோம். இரண்டு வருஷமாக அவளுக்கு இருதய நோய். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும். எனக்கு அறுபது முடிந்ததும், புதுப் பிட்டர் மிலானுக்கு வீட்டை விட்டுக்கொடு, உனக்கு மேல் லயத்தில் ஓர் ஒற்றை அறைக் காம்பிரா என்றார்கள். மேல் லயத்துக்கு நூற்று நாற்பது படி. அவள் உயிரோடு ஏறிச் சேர மாட்டாள். அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான், ஐயா.

அப்போதுதான் கண்டாக்கு ஜெயகாந்தன் தன் பழைய போல்ட் துவக்கோடு ஃபெக்டரிக்கு வந்தார். பன்றிக்காக லைசன் எடுத்து வைத்திருந்தது. மானேஜர் தொரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் சொல்தான். குவாட்டஸ் விஷயமும் அவர் கையில்தான்.

"விசை கல்லு மாதிரி இருக்கு கஸ்பர். இழுக்கிறதுக்குள்ள குறி தள்ளிப் போயிருது. மூணு தடவ பண்டி தப்பிச்சிருச்சு" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். பழைய கிரீஸ் இறுகிப் போயிருந்தது. விசை பிடிக்கும் கொக்கியின் முகத்தில் துரு. கழுவி, கல்லில் மெருகேற்றி, ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். முதல் தடவை கொஞ்சம் அதிகமாகத் தளர்த்திவிட்டேன். ரவை இல்லாமல் போல்ட்டை அடைத்து, துவக்கின் அடிக்கட்டையைச் சிமெந்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டியதும், விசையைத் தொடாமலே, ரவையை வெடிக்கவைக்கும் ஊசி விழுந்தது. உடனே அதைச் சரிசெய்தேன். பிறகு இருபது தடவை தட்டினேன், விழவில்லை. விசை லேசாகவும் இருந்தது, பிடிப்பாகவும் இருந்தது. நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டாக்கு ஃபெக்டரிக்குப் பின்னால் ஒரு தகரத்தைச் சுட்டுப் பார்த்து என் தோளில் தட்டினார். அந்த நேரம் பார்த்து, டோரீனுக்காக மூன்று மாசம் தவணை கேட்டேன். பார்ப்போம் என்றார். நான்காம் நாள், முப்பதாம் தேதிக்குள் வீட்டை விடும்படி கடிதம் வந்தது.

ஆபீசுக்கு ஓடினேன். அறுபது வயது ஆள் கைகூப்பி நின்றேன். கண்டாக்கு கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"மிலான் ரெண்டு கைக்குழந்தையோட நிக்கிறான் கஸ்பர். நீங்க ஏன் மேல் லயத்துக்குப் போறீங்க? வட்டகொடையில ஷிராணி வீடு இருக்குல்ல. டோரீன் அங்க போக ஆசப்படுறதா என் சம்சாரம் சொன்னாளே."

ஷிராணி டோரீனின் தங்கை. அவள் வீடு ரயில் ஸ்டேஷனை ஒட்டி, படியே இல்லாத இடம். வாராவாரம் வரச்சொல்லி போன் பண்ணுவாள். ஆனால், பிட்டராக இருந்தவன் கொழுந்தியாள் வீட்டில் ஒண்டிக் கிடக்க முடியுமா? டோரீனும் ஒன்றிரண்டு தடவை அந்தப் பேச்சை எடுத்தாள். நோயாளிகள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள்.

"சரிங்க ஐயா. துவக்க ஒருக்கா குடுத்தனுப்புங்க, எண்ணெ போடணும்" என்றேன்.

எண்ணெய் போட்டேன். ஸ்பிரிங்கை முதல் தடவை இருந்த நிலைக்கே கொண்டுவந்தேன். கட்டையைத் தரையில் தட்டினேன், ஊசி விழுந்தது. ஐந்து நிமிஷ வேலை.

நம் மலையில் கம்பில்லாமல் ஏற முடியாது. கண்டாக்கு தனியாகக் கம்பு கொண்டுபோவதில்லை. ரவை போட்டு அடைத்த துவக்கையே ஊன்றி, தேயிலைக்கு நடுவில் வெட்டிய தண்ணீர்க் கான்களைத் தாண்டுவார். தாண்டும்போது குழாய் அவர் தாடைக்குக் கீழே இருக்கும். தோட்டமே பார்த்திருக்கிறது.

கொடுக்கும்போது எச்சரித்தேன். "விசை லேசு. கம்பு மாதிரி ஊன்றாதீங்க ஐயா" என்றேன். "பதினஞ்சு வருசமா ஊன்றேன், எனக்கே பாடமா?" என்று சிரித்தார். யார் என்ன சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது அவர் சுபாவம். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் எச்சரித்தேன்.

சனிக்கிழமை காலை டோரீனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான். கஞ்சியை இறக்கி வைத்து ஆற்றிக் கொடுத்தேன்.

கண்டாக்கோடு பன்றி வேட்டைக்குக் கூடப் போன தோட்டத்து ஆள் அழகனை நீங்கள் பிடித்தீர்கள். முந்தின வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இருவருக்கும் வாய்த்தகராறு. போதாததற்கு, துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவனும் அவன்தான். மூன்றாம் நாள் அவன் பெண்சாதி ராக்காயி என் வாசலில் வந்து நின்றாள்.

"பிட்டரய்யா, துவக்க தொறந்து பாத்தவங்க நீங்க. அதுல கோளாறு இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம்புருசன் விசையத் தொடவே இல்லீங்க" என்று காலைப் பிடித்தாள்.

"என் கையவிட்டுப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

உள்ளே கட்டிலிலிருந்து டோரீன் கேட்டாள். "என்னங்க, மெய்யாவே நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டாக்கின் சாவு வீட்டுக் குழப்பத்தில் முப்பதாம் தேதி யாருக்கும் நினைவில்லை. பதினோராம் நாள், அந்த வீட்டிலேயே, அந்தக் கட்டிலிலேயே டோரீன் கண்ணை மூடினாள். நான் வேண்டியதும் அதுதான். நேற்று அடக்கம் முடிந்தது, இன்று காலை முதலாவது பஸ்ஸில் பொகவந்தலாவைப் பொலிசுக்கு வந்துவிட்டேன். முன்பே வந்திருந்தால் அவளை யார் பார்ப்பார்கள்? கண்டாக்கைக் கொன்றது நான். அழகனை விட்டுவிடுங்கள். இத்தனை நாள் உள்ளே கிடந்ததற்கு அவன் என்னை மன்னிக்க வேண்டும். எல்லாம் டோரீனுக்காகச் செய்தது.

இன்னும் ஒன்று பாக்கி. அவளை எடுத்துப் போன பிறகு கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேஸ் கிடந்தது. ராக்காயி வந்து போனதற்குப் பிறகுதான் அடுக்கியிருக்கிறாள், அதற்கு முன்தினம் அங்கே நான் கூட்டியபோது அது இல்லை. எப்படித்தான் குனிந்தாளோ. மேலே ஒரு துண்டுக் கடதாசியில் ஹட்டனிலிருந்து வட்டகொடைக்கு ரயில் நேரம் எழுதியிருந்தது. உள்ளே அவள் சேலைகள், மருந்து, ஜெபமாலை. என் சட்டை ஒன்றுகூட இல்லை. பாவம், அவ்வளவு முடியாத நிலையில் என் துணியை எடுத்து வைக்க மறந்துவிட்டாள்.