சூரியனோரம் திரும்பிய கண்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே! அறிவால் மூத்த ஆன்றோர்களே! மடியில் மழலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கான்பராவின் கண்மணிகளே! உங்களை வணங்கி நிற்கிறேன்.

வானத்தைக் கண்டு வியந்திருப்பீர்கள். வானத்தைக் கண்டு நடுங்கியதுண்டா? நான் நடுங்கினேன். விண்வெளித் தொலைநோக்கியின் குரலை வாங்கும் நம் பள்ளத்தாக்கு நிலையத்தில் பணியாற்றிய நாளில், பட்டப்பகலில் நடுங்கினேன்!

தலைமுறைக்கு ஒருமுறை திரும்பி வரும் ஹார்லன் வால்மீன் அப்போது சூரியனை நெருங்கியது. அதன் கரு பிளக்கிறதோ என்று ஐயுற்றார் ஆய்வாளர் லோர்னா ட்ரெகியர். பிளந்தால் சிதறல் எங்கே பாயும்? பூமியை நோக்கியா? தரையிலிருந்து பார்க்கவொட்டாமல் சூரிய ஒளி மறைத்தது. விண்ணில் மிதக்கும் தொலைநோக்கியைச் சூரியனோரம் திருப்பினால் பார்க்கலாம். ஆனால் வெயில் உள்ளே விழுந்தால் அந்தக் கண் அவிந்துவிடும்!

அதை இயக்கும் பொறியாளர் கெல் பாஸ்கோ மறுத்தார். "உன் வால்மீன் கூப்பிட்டா நீ எரிமலைக்குள்ளயும் எட்டிப் பாப்ப. என்னால முடியாது, லோர்னா."

"கண்ண மூடிக்கிட்டா அது வராம போயிடுமா, கெல்?"

அந்தக் கேள்வி கெல்லின் பிடிவாதத்தைத் தளர்த்தியது. கட்டளையை அனுப்பினார். தொலைநோக்கி திரும்பியது. திரும்பியதும் பேச வேண்டும், பேசவில்லை. அழைத்தோம், அமைதி. மீண்டும் அழைத்தோம், மீண்டும் அமைதி. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை! ஆயிரம் பேரின் உழைப்பைக் கொன்றுவிட்டேனே என்று கெல் முணுமுணுத்தார். லோர்னா அவர் தோளைப் பற்றிக்கொண்டார்.

பொழுது சாயும் வேளையில் மெல்லியதொரு குரல் வந்தது. திசை அறிய வழிகாட்டும் விண்மீனைத் தவறவிட்ட தொலைநோக்கி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே முகம் திருப்பிப் பேச்சையும் நிறுத்தியிருந்தது. திருப்புமுன் ஒரேயொரு படம் எடுத்திருந்தது!

படத்தில் வால்மீன் இரண்டாய்ப் பிளந்திருந்தது. அடுத்து வந்த நாட்களில் அது சூரிய ஒளியை விட்டு விலக, மற்றத் தொலைநோக்கிகளும் அதைத் தொடர்ந்தன, பாதை தெளிந்தது. சிதறல் நம்மை விட்டு வெகுதொலைவில் கடந்துபோகும். கெல் மேசையில் கவிழ்ந்து அழுதார். லோர்னாவோ திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தத் தடவை தப்பிச்சோம். அடுத்த தடவை எந்தப் பக்கமா வரும்னு எனக்குத் தெரியலயே" என்றார்.

அன்பர்களே! எனக்கும் தெரியாது. அது வரும்போது இந்த அவையில் பலர் இருக்கமாட்டோம். அச்சம் இருக்கட்டும், அச்சத்தோடே அண்ணாந்து பாருங்கள்! பார்க்கும் பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் போங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!