பொண்ணு பார்க்க வந்த டிஜே

அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் பஸ். முன் சீட்டில் அம்மாவும் மகளும். மகளின் மடியில், அச்சாகி வந்த அவளுடைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"அம்மா, போன வருசம் என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போனாரே, அந்த டிஜேவையே ரிசப்ஷனுக்குக் கூப்டுருவோம்."

"அடியே! நம்ம வேணாம்னு சொல்லி விட்டவனையா?"

"மாப்ளையாத்தான வேணாம்னீங்க. டிஜேயா யாரு வேணாம்னா?"

"வேலவெட்டி இல்லாத பயன்னு உங்கப்பா அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னாருடி. எப்புடிக் கூப்புடுவ? மாப்ளைக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கு எல்லாம் தெரியும். அவருதான் கூப்புடச் சொல்றதே. கூட்டாளி கல்யாணத்துல இந்த டிஜே போட்ட பாட்டுக்கு ஆடி, வேட்டியே அவுந்துருச்சாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"பாவம், அந்தப் பய நான் கிண்டுன கேசரிய ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டான். சரி, போடு போனை."

மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கங்க. உடையார்பாளையத்துலேருந்து பேசுறேன். பொண்ணு பாக்க வந்தீங்களே..."

"ஓ! கேசரி வூடா? நல்லாருக்கீங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே ரிசப்ஷன் விஷயத்தையும் தேதியையும் சொன்னாள். அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு.

"அடடா, அன்னைக்கு ஏற்கெனவே ரெண்டு எடத்துல ஒத்துக்கிட்டேங்களே. மனசார வாழ்த்துறேன். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க."

"சொல்லுங்க."

"எனக்கு அன்னைக்கு வேலை இருக்குன்னு அப்பாகிட்ட மறக்காம சொல்லிருங்க."