நந்தியாவட்டைத் தண்ணீர்

நந்தியாவட்டைக்கு நிறையத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இலை தழைக்கும், பூ குறைந்துவிடும். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் பலருக்கு இது தெரியாது. வாளி வாளியாகக் கொட்டிவிட்டு, செடி பூக்கவில்லையே என்று என்னிடம் வந்து நிற்பார்கள். என் வாசலில் நிற்பது வருஷம் முழுக்கப் பூக்கும். எங்கள் ஊர் சிடாம் கிரிப் பக்கம் யாருக்குக் கண் சிவந்தாலும் பூவுக்கு என்னிடம்தான் வருவார்கள். பூ இல்லை என்று ஜோசபின் சொன்னாள் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நேற்று பினாங்கிலிருந்து ஒரு பெண் தானே காடி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். நவமணி என்று பெயர். ஏதோ மகளிர் சங்கமாம். ஃபேக்டரி வேலையில் உடம்பு கெட்டுப்போன பெண்களைத் தேடிப்பிடித்து எழுதுகிறார்களாம். என் தங்கை பேட்ரிசியாவுக்குப் பார்வை எப்படிப் போனது என்று கேட்டாள். நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். "மைக்ராஸ்கோப்பாலதானே அக்கா?" என்று அவளே கேட்டு, அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. ஆனால் செய்யாத காரியத்துக்குக் கம்பெனிமேல் பழி விழுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பேட்ரிசியாவைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடினாள். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். நான்தான் வளர்த்தேன். விடியும் முன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அவளைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மரத்தில் பால் வெட்டி முடித்து, பால் வாளியை ஸ்டோரில் இறக்கிய கையோடு ஓடி வருவேன். பெர்னார்ட் என்று ஒரு லாரி டிரைவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற அளவுக்குப் பேச்சு வந்தது. தங்கையைத் தன் அத்தை வீட்டில் விட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் இதைத் தியாகம் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதில் பேட்ரிசியா பாக்கார் ஆராங் பக்கம் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சேர்ந்தாள். சடக்கு ஓரம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி இருக்கும். நான் பூவைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, பஞ்சில் நனைத்து அவள் கண்ணைக் கழுவிவிடுவேன். என் மடியில் தலை வைத்துக்கொண்டு ஃபேக்டரிக் கதை எல்லாம் சொல்லுவாள். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நேரத்தில்தான்.

பிறகு அவள் முடியைச் சுருட்டிக்கொண்டாள். உதட்டுக்குச் சாயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என்னோடு முன்வரிசையில் உட்கார்ந்தவள், ஃபேக்டரிப் பிள்ளைகளோடு பின்னால் போய் நின்றாள். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசுப் பிள்ளை.

ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

"அக்கா, என்னை லைன் லீடராப் போடப் போறாங்க. பினாங்குல டிரெய்னிங். அப்புறம் வேலையும் அங்கதான். ஹாஸ்டல் கொடுப்பாங்க."

"வாராவாரம் வருவியா?"

"ஓவர்டைம் இருக்கும்லா. மாசத்துக்கு ஒருக்கா வரப் பாக்குறேன். ஏன்க்கா மொகத்த இப்படி வெச்சிருக்க? நான் என்ன லண்டனுக்கா போறேன்?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பக்கத்து வீட்டு மருதம்மாளின் பிள்ளைகள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். அவள் கோழியிடம் பேசுவாள். சாப்பிட்டியா, ஏன் சாப்பிடல, யார் மேல கோவம் என்று கோழியைக் கேட்பாள். நடுவில் பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. எனக்குக் கோழி வளர்க்கப் பிடிக்காது.

டிரெய்னிங்குக்கு முன்னால் கம்பெனியில் கண் சோதனை வைப்பார்கள். அதில் தேறாவிட்டால் மைக்ராஸ்கோப் கிடையாது, லீடர் வேலையும் கிடையாது. இதை அவள்தான் என்னிடம் சொன்னாள். பிள்ளையார் கோயில் வேலியோரம் எருக்கு நிற்கிறது. நாங்கள் வேதக்காரர்கள், அந்தக் கோயிலுக்குப் போவதில்லை, ஆனால் வேலிக்கு வெளியே நிற்கும் செடியை யார் கிள்ளினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கிள்ளினால் பால் வரும். ரப்பர் பால் மாதிரியே வெள்ளையாக இருக்கும். பாலில் உழைத்துப் பழகிய கை எனக்கு. கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டேன்.

"எரியுதுக்கா."

"பூ புதுசு, அதான். கண்ண மூடிக்க."

சின்ன வயதிலிருந்தே மருந்துக்கு அடம் பிடிக்காத பிள்ளை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

சோதனையில் தேறவில்லை. பினாங்குக்கு வேறு பெண் போனாள். பேட்ரிசியாவைப் பேக்கிங்கில் போட்டார்கள். என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அவள் எதைக் கேட்டு அழுதாலும் எனக்குத் தாங்காது.

அதோடு நிறுத்திக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, புண் ஆறிவிடும், பார்வைக்குப் பயமில்லை, நாங்கள் கொடுக்கிற மருந்தைத் தவிர எதையும் விடாதீர்கள் என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் பேட்ரிசியா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சரியானதும் திருப்பி கேப்பேன்க்கா. அடுத்த வருஷம் எடுக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காரு."

வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பூவை ஊறப்போட்டேன்.

"டாக்டர் வேணாம்னாரே அக்கா?"

"டாக்டருக்கு நந்தியாவட்டையப் பத்தி என்ன தெரியும்?"

அதுவும் சரிதான் என்று சிரித்துக்கொண்டே மடியில் தலையை வைத்தாள். அந்தத் தடவை நான் சொட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். நான் தலை வாரிவிடுகிறேன். மீனில் முள் எடுத்து ஊட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் முன்வரிசையில் உட்காருகிறோம். அக்கா தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சாமியார் ஒருநாள் பிரசங்கத்தில் எங்களைக் காட்டிச் சொன்னார். அவள் என் கையைப் பிடிக்காமல் வாசல்படி தாண்டுவதில்லை. சண்டை இல்லை, சாயம் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற பேச்சு இல்லை.

நேற்று நவமணி எழுதிக்கொண்டதோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"பினாங்குல பார்வையில்லாதவங்களுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை சொல்லித் தர்றாங்க, பேட்ரிசியா. கண்ணு தேவையில்ல. காது நல்லா இருந்தா போதும். பொம்பளைங்க சொந்தக் கால்ல நிக்கணும்."

என் கால் இருக்கும்போது இவளுக்கு எதற்குச் சொந்தக் கால் என்று எனக்கு வாய் வரை வந்தது. பேட்ரிசியாவின் முகத்தைப் பார்த்தேன். லைன் லீடர் ஆகப்போகிறேன் என்று ஓடி வந்தபோது இருந்த அதே முகம்.

"அடுத்த மாசமே சேரலாமா மிஸ்?" என்று கேட்டாள். என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

இன்று காலையிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "ஹலோ, குட் மார்னிங்" என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். மருதம்மாள் கோழியிடம் பேசுவதும் கேட்கிறது, இவள் சுவரிடம் பேசுவதும் கேட்கிறது. அவளுக்குக் காது நல்ல கூர்மை. நான் சடக்கில் வரும்போதே என் நடையைக் கண்டுபிடித்துவிடுவாள்.

நேற்று வாசலில் காற்றில் உட்கார்ந்து பேசியதில் காது லேசாகக் குத்துகிறது என்றாள். பூண்டைத் தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இறக்கி வைத்திருக்கிறேன். அது ஆறுவதற்குள் பிள்ளையார் கோயில் வேலி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவேன். மடியில் தலையை வைத்தால் அப்படியே தூங்கிவிடுவாள், பாவம். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.